பதினோராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சிவசுப்பிரமணியர்

எந்த வழிபாட்டைத் தொடங்கினாலும் முதலில் சங்கல்பம் செய்துகொள்வது நம் மரபு. அதில் வழிபடுவோர் இரண்டு செய்திகளை இறைவன் முன்னிலையில் அறிவிக்கின்றனர். எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது ஒன்று. எந்தக் காலத்தில் நிற்கிறோம் என்பது மற்றொன்று. தேசமும் காலமும் சொல்லாமல் சங்கல்பம் நிறைவடைவதில்லை. உள்ளூர்க் கோயிலில் அர்ச்சகர் விரைந்து சொல்லி முடிக்கும் அந்தச் சொற்களின் பொருளைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இடமும் காலமும் ஒருங்கே மாறிவிடும் ஒரு தொலைதூரத் தலத்திற்குச் செல்லும்போதுதான் அவற்றின் எடை விளங்குகிறது.

அத்தகைய தலங்களுள் ஒன்று, பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள ஃபிஜித் தீவுகளில் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீ சிவசுப்பிரமணிய சுவாமி திருக்கோயில். ஊரின் பெயரை ‘நாடி’ என்று எழுதுவார்கள். ‘நாண்டி’ என்று ஒலிப்பார்கள். அந்நாட்டு மொழியில் டகரத்திற்கு முன்னே ஒரு மெல்லொலி தானாகவே வந்து சேர்ந்துகொள்ளும். ஃபிஜிக்கு வரும் அயல்நாட்டு விமானங்களுள் பெரும்பாலானவை இறங்குவதும் இந்த நாண்டி விமான நிலையத்தில்தான்.

நூல் பிடித்து அளந்த தூரம்

சென்னை விமான நிலையம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 13 பாகையில் உள்ளது. நாண்டி, தெற்கே ஏறத்தாழ 18 பாகையில் உள்ளது. கிழக்கு மேற்காகப் பார்த்தால் இரண்டிற்கும் இடையே 97 பாகை இடைவெளி. அதாவது உலக உருண்டையின் சுற்றளவில் கால் பங்கிற்கும் மேல்.

சுவரில் மாட்டிய தட்டையான உலகப்படத்தில் அளவுகோலை வைத்து இத்தூரத்தை அளந்தால் விடை தவறாகிவிடும். பூகோள உருண்டையை எடுத்து, சென்னையின்மேல் நூலின் ஒரு முனையையும் நாண்டியின்மேல் மறுமுனையையும் வைத்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். அந்த நூல் கிடக்கும் வழியே மிகக் குறுகிய வழி. விமானத் தூரங்கள் இம்முறையிலேயே கணக்கிடப்படுகின்றன. அவ்வாறு கணக்கிட்டால் சென்னைக்கும் நாண்டிக்கும் இடையே சுமார் 11,200 கிலோமீட்டர்.

சென்னையிலிருந்து நாண்டிக்கு நேரடி விமானம் இல்லை. சிங்கப்பூரில் மாறிச் செல்வது வசதியான வழிகளுள் ஒன்று. வழியில் ஓர் ஊரில் இறங்கி மாறுவதென்றால் சுற்றுவழியாகத்தான் இருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால், மேற்சொன்ன நூலை இறுக்கிப் பிடித்தால் அது சிங்கப்பூரை ஒட்டியே செல்வதைக் காணலாம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். அங்கிருந்து நாண்டி சுமார் 8,300 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் நேர்வழித் தூரத்திற்கும் இதற்கும் நூறு கிலோமீட்டர் வேறுபாடுகூட இல்லை. வழியில் இறங்குவதால் நேரம் கூடுமே தவிரத் தூரம் கூடுவதில்லை.

கடிகாரம் சொல்லும் கணக்கு

சிங்கப்பூருக்கு நான்கு மணி நேரம். அங்கிருந்து நாண்டிக்குச் சுமார் பத்து மணி நேரம். வானில் கழிவது பதினான்கு மணி நேரம்தான். மேலே வீசும் காற்றின் போக்கிற்கேற்ப இது சிறிது கூடலாம், சிறிது குறையலாம். இடையில் காத்திருக்கும் நேரத்தைத் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆயினும் கைக்கடிகாரம் வேறொரு கணக்கைச் சொல்லும். ஃபிஜியின் நேரம் இந்திய நேரத்தைக் காட்டிலும் ஆறரை மணி முன்னால் நிற்கிறது. கணக்கிற்காக, ஞாயிறு இரவு 11 மணிக்கு ஒரு குடும்பம் சென்னையிலிருந்து புறப்படுகிறது என்று கொள்வோம். சிங்கப்பூரில் இறங்கும்போது அவ்வூர்க் கடிகாரம் திங்கள் காலை ஐந்தரை மணி காட்டும். ஆறு மணி நேரம் காத்திருந்து, முற்பகல் பதினொன்றரைக்கு அடுத்த விமானத்தில் ஏறிப் பத்து மணி நேரம் பறந்தால், நாண்டியில் இறங்கும்போது செவ்வாய் அதிகாலை ஒன்றரை மணி. உண்மையில் கழிந்தவை இருபது மணி நேரம். கடிகாரப்படி கழிந்தவை இருபத்தாறரை மணி நேரம். மிகுதி ஆறரை மணி நேரம் எங்கே போயிற்று என்றால், கிழக்கு நோக்கிச் சென்றவர் உதயசூரியனை எதிர்கொண்டு சென்றுவிட்டார் என்பதே விடை. சென்னையில் பொழுது விடிய இன்னும் ஆறரை மணி நேரம் இருக்கும்போதே நாண்டியின் கோபுரக் கலசத்தில் வெயில் விழுந்துவிடுகிறது. திரும்பி வரும்போது அந்த ஆறரை மணி நேரமும் குறையாமல் கிடைத்துவிடும்.

நாண்டியில் பகற்பொழுதில் இறங்குவோருக்கு விமான நிலையத்தின் அருகிலேயே ஒரு மலைத்தொடர் தெரியும். ஓர் பேருருவம் மல்லாந்து படுத்து உறங்குவதுபோன்ற தோற்றமுடையதாகையால் அதை ‘உறங்கும் பூதம்’ என்ற பொருளில் அழைக்கிறார்கள். குன்று கண்ட இடமெல்லாம் குமரன் இடம் என்று நம்பும் தமிழ்நாட்டு அடியார்களுக்கு அது நல்ல வரவேற்பாகவே தோன்றும். அங்கிருந்து தெற்கே சுமார் பத்துக் கிலோமீட்டர் சென்றால் நாண்டி நகரம். கடைவீதி முடியும் தென்கோடியில், வண்ணம் பூசிய சுதைச் சிற்பங்களுடன் திராவிடக் கட்டடக் கலையில் கோபுரம் நிற்கிறது.

எழுபத்திரண்டு நாள்

இப்போது பதினான்கு மணி நேரத்தில் கடக்கும் இத்தூரத்தை முதலில் கடந்தவர்கள் எவ்வாறு கடந்தனர் என்பதை அறியாமல் அக்கோயிலின் வாயிலை மிதிப்பது பொருந்தாது.

இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய முதற்கப்பலின் பெயர் ‘லியோனிடாஸ்’. பாய்மரக் கப்பல். 1879 மார்ச் 3-ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு, மே 14-ஆம் நாள் ஃபிஜியின் அன்றைய தலைநகரான லெவுகாவை அடைந்தது. எழுபத்திரண்டு நாள். வழியில் காலராவும் அம்மையும் கப்பலில் பரவின. கரை கண்ட பிறகும் அவர்களை ஊருக்குள் விடவில்லை. ஒரு சிறு தீவில் தனியே வைத்திருந்தனர்.

பாய்மரக் கப்பல்கள் காற்றைத் தேடித் தெற்கே நெடுந்தூரம் இறங்கி, ஆஸ்திரேலியாவையும் சுற்றிச் சென்றன. வெயிலில் பிறந்து வளர்ந்தவர்கள் தென்கடற் குளிரில் நடுங்கினர். பின்னர் நீராவிக் கப்பல்கள் வந்தபோது பயணம் ஏறத்தாழ முப்பது நாட்களாகக் குறைந்தது. 1884-இல் ‘சிரியா’ என்னும் பாய்மரக் கப்பல் ஏறக்குறைய 500 பேருடன் ஐம்பத்தெட்டு நாளில் ஃபிஜியை நெருங்கிற்று. கரை எட்டும் தொலைவில் நசிலாய்ப் பவளப்பாறையில் மோதிச் சிதைந்தது. பயணிகளில் 56 பேரும் மாலுமிகளில் மூவரும் மாண்டனர்.

தென்னாட்டவர் செல்லத் தொடங்கியது 1903-இல், சென்னைத் துறைமுகத்திலிருந்து. வடஆற்காடு, தஞ்சாவூர், மலபார், கிருஷ்ணா, கோதாவரி, விசாகப்பட்டினம் எனப் பல மாவட்டத்தாரும் அவர்களுள் இருந்தனர். தமிழும் தெலுங்கும் மலையாளமும் ஒரே கப்பலில் ஒலித்தன. 1916-இல் கடைசிக் கப்பல் சென்று சேரும் வரையில் ஃபிஜி சென்றவர்கள் மொத்தம் ஏறத்தாழ 60,500 பேர். அவர்களுள் 15,000-க்கும் சற்று மேற்பட்டோர் சென்னையிலிருந்து கப்பலேறியவர்கள்.

அவர்கள் கையெழுத்தோ கைந்நாட்டோ இட்ட ஒப்பந்தத்திற்கு ஆங்கிலத்தில் ‘அக்ரிமெண்ட்’ என்று பெயர். அச்சொல் அவர்கள் நாவில் ‘கிர்மிட்’ ஆயிற்று. ஐந்தாண்டு உழைக்க வேண்டும். அதன்பின் ஊர் திரும்ப விரும்பினால் கப்பற்கூலியைத் தாமே செலுத்த வேண்டும். பத்தாண்டு இருந்தால் இலவசமாகத் திருப்பி அனுப்புவார்கள். ஐந்தாண்டுச் சம்பாத்தியத்தில் கப்பற்கூலி சேர்த்தவர்கள் மிகச் சிலரே. பத்தாண்டு கழிவதற்குள் அங்கே மனைவி மக்கள், ஒரு துண்டுக் கரும்பு நிலம், ஒரு பசு என்று வேர் இறங்கிவிட்டது. பெரும்பாலோர் திரும்பவேயில்லை.

எழுபது நாளோ முப்பது நாளோ, கப்பலில் கழிந்த நாட்களில் திதி எது, வாரம் எது என்று சொல்ல எத்தனை பேரால் முடிந்திருக்கும்? சங்கல்பத்தில் சொல்ல வேண்டிய தேசம் எது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. எங்கே போகிறோம் என்பதையே சரிவர அறியாமல் ஏறியவர்கள் பலர். தேசம், காலம் இரண்டையும் ஒரே நேரத்தில் இழந்தவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். ஒரே கொப்பரையில் சமைத்ததை ஒன்றாக அமர்ந்து உண்டதால் கப்பலில் ஒரு புதிய உறவு பிறந்தது. ‘ஜஹாஜி பாய்’, அதாவது கப்பற் சகோதரன், என்று ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டனர். உடன்பிறந்தாரை விட்டுச் சென்றவர்களுக்குக் கடல் கொடுத்த உடன்பிறப்பு அது.

கரும்புக்காட்டில் ஒரு வேல்

நாண்டியைச் சுற்றிலும் இன்றும் கரும்பு வயல்கள். அறுவடைக் காலத்தில் கரும்பு ஏற்றிய சிறு ரயில் வண்டிகள் சாலையோரமாக ஊர்ந்து ஆலைக்குச் செல்லும். பச்சைப் பசேலென்று கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தோன்றும் அந்தக் காட்சிக்குப் பின்னால் வேறொரு வரலாறு இருக்கிறது. தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அறையின் அளவு பத்தடிக்கு ஏழடி. அதில் மூன்று ஆண்கள், அல்லது ஒரு குடும்பம். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் ஆட்களைச் சேர்த்தனர். அதனால் பெண்கள் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. அந்தத் துயரைத்தான் பாரதியார் கண்ணீருடன் பாடினார். ‘தீனபந்து’ ஆண்ட்ரூஸ் 1915-இல் நேரில் சென்று பார்த்து, உண்மையை நாட்டிற்கு எடுத்துரைத்தார். எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் அனைத்தும் 1920 ஜனவரி முதல் நாள் நீங்கின.

விடுதலை பெற்றவர்கள் தமக்கு முதலில் தேடிக்கொண்டவை கோயிலும் பள்ளியும். மரக்கம்பங்களும் தகரக் கூரையுமாகச் சிறு கோயில்கள் எழுந்தன. தீமிதியும் காவடியும் கடல் கடந்து வந்து நிலைத்தன. ஒப்பந்தத் தொழிலாளராக வந்தவரான சாது குப்புசுவாமி, 1926-இல் ‘தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்’ என்ற அமைப்பை நாண்டியில் தொடங்கினார். தமிழர், தெலுங்கர், மலையாளிகள் மூவரையும் அது ஒரு குடையின்கீழ்ச் சேர்த்தது. சங்கத்தின் வேண்டுகோளை ஏற்று ராமகிருஷ்ண மடத்துத் துறவியர் கடல் கடந்து வந்து கல்விப் பணியை வளர்த்தனர். இன்று சங்கம் நடத்தும் பள்ளிகள் இருபதுக்கும் மேல். பிறமதக் குழந்தைகளும் ஃபிஜியின் பூர்வகுடிக் குழந்தைகளும் அவற்றில் படிக்கிறார்கள்.

அன்றாடப் பேச்சில் தமிழ் மெல்ல மறைந்து, எல்லா இந்தியருக்கும் பொதுவான ஃபிஜி இந்தி அங்கே நிலைத்துவிட்டது. பேச்சில் மறைந்த தமிழுக்குப் புகலிடம் கோயில்தான். பொருள் முழுதும் விளங்காவிட்டாலும் ‘அரோகரா’ என்ற முழக்கம் அந்தத் தீவில் இன்றும் தமிழ்நாட்டில் ஒலிப்பது போலவே ஒலிக்கிறது.

வெளியேறும் காலத்தில் எழுந்த கோபுரம்

இன்று காணும் பெரிய கோயிலுக்கு 1994 ஜூலை 15-ஆம் நாள் குடமுழுக்கு நடந்தது. இந்தியாவிலிருந்து சென்ற சிற்பிகள் அதன் சிற்பங்களை ஆக்கினர். நடுநாயகமாக முருகப்பெருமான் சன்னிதி. விநாயகருக்கும் சிவபெருமானுக்கும் தனிச் சன்னிதிகள். விதானமெங்கும் புராணக் காட்சிகள் வண்ண ஓவியங்களாக விளங்குகின்றன. பூமியின் தென்பாதியில் உள்ள இந்துக் கோயில்களுள் இதுவே பெரியது என்று போற்றுகின்றனர்.

ஆனால் அந்த ஆண்டை மட்டும் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்னர், 1987 மே 14-ஆம் நாள், ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. முதற்கப்பல் வந்து சேர்ந்ததும் ஒரு மே 14-ஆம் நாளில்தான் என்பதை வந்தேறியவர்களின் வழிவந்தோர் மறக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் மீண்டும் ஒருமுறை ஆட்சி கவிழ்ந்தது. அதன்பின் ஃபிஜி இந்தியர் ஆயிரமாயிரமாக நாட்டை விட்டுப் புறப்பட்டனர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, அமெரிக்கா என்று சிதறினர். ஒருகாலத்தில் மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதியாக இருந்தவர்கள் இன்று மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கிறார்கள். கரும்பு நிலங்களின் முப்பதாண்டுக் குத்தகைகளும் 1997 முதல் முடிவுக்கு வரவிருந்தன.

நிலம் நிலையில்லை, ஆட்சி நிலையில்லை, அண்டை வீட்டார் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அத்தகைய நாளில், ‘நாம் இங்கேதான் இருக்கிறோம்’ என்று கல்லாலும் சுதையாலும் சொல்லியவர்கள் நாண்டி அடியார்கள். தம் பாட்டனார் இழந்த தேசத்தை, அவர்கள் ஒரு கோயிலின் வடிவில் மீட்டுக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும். கோபுரத்தின் உயரத்தை அளப்பவர் இந்த உறுதியையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

வெளியேறியவர்களும் கோயிலை விட்டுவிடவில்லை. நாண்டியிலிருந்து ஆக்லாந்து சுமார் 2,150 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். சிட்னி சுமார் 3,200 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். சென்னையில் இருப்பவர் இரவுப் பேருந்தில் பழனிக்குப் போய் வருவதைக் காட்டிலும் குறைந்த நேரத்தில், அந்நகரங்களிலிருந்து அவர்கள் தம் முருகனிடம் வந்துவிட முடியும்.

நாட்காட்டியும் பஞ்சாங்கமும்

இக்கோயிலில் தைப்பூசமும் பங்குனி உத்திரமும் காவடிகளுடன் சிறப்பாக நடைபெறுகின்றன. மாதந்தோறும் கார்த்திகை பூசை உண்டு. இவற்றை முன்னிட்டுப் பயணம் திட்டமிடும் அன்பர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். சென்னையில் அச்சான பஞ்சாங்கத்தை அப்படியே அங்கே கொண்டுசெல்லலாகாது.

திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கொண்டு அமைவது. ஆகவே அது தொடங்கும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. ஆனால் சூரிய உதயம் ஊருக்கு ஊர் வேறு. சஷ்டி திதி ஒரு புதன்கிழமை விடியற்காலை 5 மணிக்குச் சென்னையில் தொடங்குவதாகக் கொள்வோம். 6 மணிக்குச் சூரியன் உதிக்கும்போது சஷ்டி வந்துவிட்டது. ஆகவே சென்னையில் புதன்கிழமை சஷ்டி. அதே கணத்தில் நாண்டியில் புதன்கிழமை முற்பகல் பதினொன்றரை. அங்கே அன்று காலை சூரியன் உதித்தது பஞ்சமியில். மறுநாள் வியாழன் காலை உதயத்தில்தான் அங்கே சஷ்டி இருக்கும். உதயகாலத் திதியைக் கொள்ளும் விரதம் ஒன்று, சென்னையில் புதனன்றும் நாண்டியில் வியாழனன்றும் வருவது இவ்வாறுதான். ஒன்று சரி, மற்றொன்று தவறு என்பதில்லை. அவ்வவ்வூர்ச் சூரியனுக்கு இரண்டும் சரியே. மேற்கே அமெரிக்காவில் இதற்கு மாறாகச் சில நாட்கள் ஒருநாள் முன்னதாக அமைவதை அங்குள்ள குடும்பங்கள் அறிவர்.

நாண்டியைக் கடந்து மேலும் கிழக்கே சென்றால் இன்னொரு விந்தை. பூமியின் 180-ஆம் பாகைக் கோடு ஃபிஜியின் தாவெயுனி என்னும் தீவின் ஊடே செல்கிறது. ஒரே நாட்டில் இரு தேதிகள் இருந்தால் குழப்பம் என்பதால், நாள்கோட்டை அங்கே கிழக்கே வளைத்து வரைந்திருக்கிறார்கள். நாண்டியிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் சுமார் 8,900 கிலோமீட்டர், பத்து மணி நேரம். நாண்டியில் இரவு விமானமேறியவர், அதே தேதியில் பகற்பொழுதில் அமெரிக்காவில் இறங்குவார். புறப்பட்ட நேரத்திற்கு முன்னரே சென்று சேர்ந்துவிட்டார் என்று கடிகாரம் சொல்லும். திரும்பி வரும்போது அந்தக் கடன் தீர்க்கப்படும். நாட்காட்டியில் ஒரு நாள் முழுவதும் காணாமற்போகும்.

காணாமற்போகும் அந்த நாள், தாயின் அல்லது தந்தையின் திதி நாளாக இருந்தால் என்ன செய்வது? வெளிநாடுகளில் பிள்ளைகளோடு வாழும் பல குடும்பங்களுக்கு இது வெறும் வேடிக்கைக் கேள்வியன்று. காணாமற்போவது நாட்காட்டித் தாள் மட்டுமே. திதி எங்கும் போய்விடுவதில்லை. வானில் சந்திரன் தன் வழியில் சென்றுகொண்டுதான் இருக்கிறது. சென்று இறங்கும் ஊரின் உதயத்தையும் பிற்பகலையும் கொண்டு அவ்வூர்ப் புரோகிதரைக் கேட்டு நாள் குறித்துக்கொள்வதே முறை. இயன்றால் அத்தகைய நாளைப் பயணத்தில் கழிக்காமல், ஒருநாள் முன்னோ பின்னோ விமானச்சீட்டைப் பதிவு செய்துகொள்வது இன்னும் நல்லது.

பருவங்களும் அங்கே தலைகீழ். மார்கழியும் தையும் நாண்டியில் கோடை. மழையும் புயலும் வரும் காலம். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் உச்சிவேளைச் சூரியன் ஏறத்தாழத் தலைக்கு நேர்மேலே நிற்கும். காவடி எடுப்போரின் நிழல் அவர்கள் காலடியிலேயே ஒடுங்கிவிடும். முருகனைச் சீராட்டி வளர்த்த கார்த்திகைப் பெண்களை விண்மீன்களாக நாம் சென்னையில் உச்சிவானத்தை ஒட்டிக் காண்கிறோம். நாண்டியில் அவர்கள் வடதிசை வானில் பாதி உயரத்தில் நிற்பார்கள். அங்கிருந்து பார்த்தால், பிள்ளை பிறந்த நாட்டின் திசையில் சற்று இறங்கி நிற்பது போலிருக்கும்.

தேடி வருபவர்கள்

சென்னையிலிருந்து நாண்டிக்குச் செல்லும் அடியார்களைப் போலவே, நாண்டியிலிருந்து தமிழகத்திற்கு வருபவர்களும் உண்டு. அவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு பழைய தாளின் பிரதி இருக்கும். கப்பலேறும் முன் ஒவ்வொருவருக்கும் எழுதப்பட்ட குடியேற்றச் சீட்டு அது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் எல்லாம் அதில் இருக்கும். ஃபிஜியின் ஆவணக் காப்பகத்தில் இவை பாதுகாக்கப்பட்டுள்ளன. ஆனால் ஊர்ப்பெயரை வெள்ளைக்கார அதிகாரியோ குமாஸ்தாவோ காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். அதைக்கொண்டு எந்த ஊர் என்று கண்டுபிடிப்பது எளிதன்று. பாட்டனாரின் கிராமம் எது, குலதெய்வம் எது, அந்தக் குலதெய்வத்திற்கு ஒரு பொங்கல் வைக்க முடியுமா என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி.

அத்தகையோர் ஒரு கிராமத்துக் கோயில் வாசலில் வந்து நின்று, தமிழ் பேசத் தெரியாமல் தாளை நீட்டினால், அவர்களைச் சுற்றுலாப் பயணிகள் என்று எண்ணி விலகிவிடலாகாது. தாளில் உள்ள பெயரை ஊர்ப் பெரியவர்களிடம் படித்துக் காட்டி, பழைய நிலப்பதிவுகளை நினைவுபடுத்தி, அருகில் உள்ள ஒத்த பெயருடைய ஊரைச் சுட்டிக்காட்டினால்கூட அது பெரிய தொண்டு. விமானத்தில் பதினான்கு மணி நேரத்தில் வந்தவர்கள் என்று அவர்களைப் பார்க்கக் கூடாது. நூறாண்டுக்கும் மேலாக வந்துகொண்டே இருந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய பாட்டனார் திரும்பி வரமுடியாத வழியை முடித்துவைக்க வந்திருப்பவர்கள்.

நாண்டி கோயிலுக்குச் செல்வோர் தோளும் காலும் மறையும் உடை அணிந்து செல்ல வேண்டும். தேவைப்படுவோருக்கு வாயிலிலேயே சுற்றிக்கொள்ளத் துணி தருகிறார்கள். உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. காலையில் சென்றால் வெயிலுக்கு முன் அமைதியாகத் தரிசிக்கலாம். அர்ச்சனை செய்பவர்கள் தட்டை நீட்டும்போது, தம் பெயர் நட்சத்திரங்களோடு, ஊர் பேர் தெரியாமல் அக்கடலில் அடங்கிய முன்னோர்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம். சங்கல்பத்தில் அர்ச்சகர் தேசத்தையும் காலத்தையும் சொல்லும்போது, அவற்றை அந்தத் தீவில் மீண்டும் சொல்லக்கூடியவையாக ஆக்கித் தந்தவர்கள் அவர்கள்தாம்.

அதற்குள் கைக்கடிகாரத்தை ஆறரை மணி நேரம் முன்னே திருப்பி வைத்திருக்க வேண்டும் என்பது மட்டும் மறக்க வேண்டாம். நாண்டியில் உச்சிக்கால பூசைக்கு மணி அடிக்கும்போது, சென்னையில் இன்னும் சூரியன் உதித்திராது.